பத்து மணி

கலங்கல் மருந்துக்கென்று
கைகளுக்கு ஒரு பழக்கம் இருந்தது.
உள்ளங்கைகளுக்கு நடுவே இருபது முறை உருட்ட வேண்டும்,
அடியில் படிந்தது எழுந்து பாலாகும்வரை.
இருபத்தாறு வருடம் உருட்டினேன்.
புதியது தண்ணீர்போல் தெளிவு.
உருட்ட வேண்டாம் என்றாள் செவிலி மிர்யா.
இன்று காலையும் உருட்டினேன்.
அது ஒன்றும் சொல்லவில்லை.

பழைய சட்டம் எளிது.
ஊசி முதலில் போய்விடும்,
சாப்பாடு அதன் பின்னால் ஓடியாக வேண்டும்.
ஏழுக்குக் கஞ்சி. பத்துக்கு ரை ரொட்டி, இரண்டு துண்டு.
பசித்தாலும், பசிக்காவிட்டாலும்,
சாவு வீட்டில் நின்றாலும்.
பத்து தாண்டிப் பத்தரை ஆனால்
கண்ணாடிக்கு வெளியே விழும் பனி
உள்ளேயும் விழத் தொடங்கும்.
கூசமோவில் பனி வாரும் வண்டி ஓட்டுபவளுக்கு
அது ஆகாது.

ஆகவே பத்துக்கு வண்டி நிற்கும்,
ஐந்தாம் எண் சாலையில், பெட்ரோல் கடை ஓரமாக.
பின்னால் மணல் தூவி வரும் தைஸ்தோவும் நிற்பான்.
பதினோரு குளிர்காலம்.
ஏன் என்று அவன் கேட்டதில்லை.
ஒருமுறை மட்டும்,
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் பெயரையே மறந்து
நான் உட்கார்ந்திருந்தபோது
கதவைத் திறந்து வாயில் சாறு புகட்டினான்.
சட்டையெல்லாம் லிங்கன்பெரிச் சிவப்பு.
ரத்தம் என்று கத்தினேனாம்.
"துவைச்சாப் போகாது" என்றான்.
போகவில்லை.

புதிய கணக்கு வேறு.
இரவில் ஒன்று, நாள் முழுக்கக் கனன்றுகொண்டிருக்க.
சாப்பிட்டால் மட்டும் இன்னொன்று.
"பசிக்கும்போது சாப்பிடுங்கள்" என்றாள் மிர்யா,
ஜன்னலைத் திறங்கள் என்பதுபோல.
பசி எப்படி இருக்கும் என்று
நாற்பத்தொரு வயதில் கேட்க
வெட்கமாக இருந்தது.

முதல் வாரம் பள்ளம், மேடு, பள்ளம்.
இரவு மூன்று பத்துக்குப் புஜத்துச் சென்சார் அலறும்:
மூன்று புள்ளி நான்கு.
ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் வெறுங்காலோடு
சர்க்கரைக்கட்டி மெல்லுவேன்.
இரண்டு யூனிட் குறை. மறுநாள் பதினான்கு. ஒன்று கூட்டு.
சனிக்கிழமை சவுனாச் சூட்டில்
தொடையில் போட்ட மருந்து
அவிழ்த்துவிட்ட குதிரையானது.
நோட்டில் எழுதினேன்: சவுனா.
அடிக்கோடு. இன்னொரு அடிக்கோடு.

மைனஸ் இருபத்தெட்டு.
உறைந்தால் மருந்து செத்துவிடும்.
பேனாவை உள்சட்டைக்குள் தொங்கவிட்டிருக்கிறேன்,
மற்றப் பெண்கள் சிலுவை போடும் இடத்தில்.

செவ்வாய். பத்து மணி. எண் ஆறு புள்ளி எட்டு.
பெட்ரோல் கடை வந்தது.
நான் நிறுத்தவில்லை.
கலப்பை பாட்டுக்கு வாரிக்கொண்டு போனது.
பக்கக் கண்ணாடியில்
தைஸ்தோவின் மஞ்சள் விளக்கு
கடை வாசலில் திரும்பி, தயங்கி,
மறுபடி சாலைக்கு வந்தது.
வயர்லெஸ் கரகரத்தது.
"ஹில்ப்பா. பத்து ஆச்சு."
"தெரியும். இனிமே நிக்க வேண்டாம். மருந்து மாறிடுச்சு."
வெறும் இரைச்சல்.
"நல்லது" என்றான்.
பிறகு ஐந்து கிலோமீட்டருக்குச்
சக்கரச் சத்தம் மட்டும்.

பதினொன்றே காலுக்கு, ரூக்கா திருப்பத்தில்,
வயிற்றுக்குள் ஏதோ கிள்ளியது.
நடுக்கமா என்று விரலைப் பார்த்தேன்.
வேர்வையா என்று நெற்றியைத் தொட்டேன்.
எண் ஆறு. அசையாத ஆறு.
சரிவு இல்லையென்றால் இது யார்?
இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன்,
வந்தவர் முகத்தை நிதானமாகப் பார்க்க.
உறுமியது. நிறுத்தியது.
நாய்க்குட்டிபோல் மறுபடி உறுமியது.
தனியாகச் சிரித்தேன்.

வயர்லெஸை எடுத்தேன்.
"தைஸ்தோ, உனக்குப் பசிக்குதா?"

"எனக்குப் பத்து மணிக்கே பசிச்சுது."