இடைச்செருகல்

பதினான்கு முதல் இருபத்திரண்டு வரை
நடக்கவில்லை
என்று ரோட்டர்டாமிலிருந்து தீர்ப்பு வந்துவிட்டது.
ஒன்பது தொகுதிகளுக்கு ஒற்றை வரி.
கீழே கையொப்பமிட்ட வழக்கறிஞர்
கதையைப் படித்தவராகத் தெரியவில்லை:
கேப்டனின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

லியேஜில் மழை.
ஜன்னலுக்குக் கீழே மியூஸ் ஆற்றில்
மணல் ஏற்றிய படகொன்று வடக்கே போகிறது.
இதே ஆறுதான் ரோட்டர்டாமில்
வேறு பெயரில் கடல் சேர்கிறது.

அட்டவணையைத் திறக்கிறேன்.
பச்சை என்றால் நடந்தது.
சாம்பல் என்றால் நடக்கவில்லை.
பதினோரு வருடமாக இதுதான் வேலை,
சம்பளத்துக்குத் தலையெழுத்து எழுதுவது.

வரிசை 3117.
மிரெல், கேப்டனின் தங்கை.
பதினேழாம் தொகுதியில் பனிக்கோளில் இறந்தவள்.
சாம்பல் பூசினால் அவள் சாகவில்லை.
அதனால் பிழைத்தாள் என்று மகிழ வேண்டாம்;
பிறக்கவே இல்லை.

வாங்கியவர்களுக்குத் தெரியாத ஒன்று:
அவளை எந்த எழுத்தாளரும் எழுதவில்லை.
ஐந்தாம் தொகுதி, நாற்பதாம் பக்கம்.
மை தீட்டும் ஃபெர்னான் கோலார்
பல்வலியோடு விழித்திருந்த இரவில்
கப்பல் ஜன்னலில் ஒரு சொட்டு சிந்திவிட்டார்.
துடைக்க நேரமில்லை.
சொட்டுக்குக் கூந்தல் வரைந்தார், கூந்தலுக்குக் கீழே
அரை முகம்.

யார் அந்தப் பெண்?
நாமூரிலிருந்து கடிதம், லீலிலிருந்து கடிதம்.
'தங்கை. பெயர் மிரெல்' என்று
பதில் தட்டச்சு செய்தவள்
வரவேற்பு மேசையில் இருந்தவள்.
தன் பெயரையே கொடுத்தாளோ என்னவோ.
சம்பளப் பதிவேட்டில் அந்தப் பக்கம் மட்டும் இல்லை.

இடைச்செருகல் என்று வெட்டியெறிய
மூலம் எதுவென்று முதலில் தெரிய வேண்டாமா?

போன செவ்வாய் எனக்குப் பல் சுத்தம் செய்த
செவிலியின் சட்டையில் பெயர்ப்பட்டை: மிரெல்.
'அப்பாவுக்கு ஒரு படக்கதைப் பைத்தியம்,
அதில் நான் செத்துப் போவேனாம்' என்று சிரித்தாள்.
என் வாயில் உறிஞ்சுகுழாய் இருந்தது.
ஒன்றும் சொல்லாமல் தப்பித்தேன்.

நான்கு பத்துக்குச் சாம்பல் பூசினேன்.
ஒன்பது தொகுதியும் முடிய
ஐந்தேமுக்கால் ஆயிற்று.

ஆனால் ஐந்தாம் தொகுதி பச்சைதான்,
அதை யாரும் தொடச் சொல்லவில்லை.
நாற்பதாம் பக்கத்தில்
அரை முகம் அப்படியே வெளியே பார்க்கிறது.

மறுபதிப்பு மார்ச்சில் வருகிறது.
எவனாவது ஒரு பொடியன் கேட்பான், யார் அந்தப் பெண் என்று.
வரவேற்பு மேசையை எடுத்து மூன்று வருடமாகிறது.
பதில் போட ஆள் வேண்டியிருக்கும்.
ஆறு மணிக்கு மேல்
எனக்கு வேறு வேலையில்லை.