கதவில் நான் விழாமல்

கார் ஒரு கண்ணாடி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
காரைப் படமெடுப்பதாக நினைப்பவர்கள்
எதிரே நிற்கும் டீக்கடையை எடுக்கிறார்கள்,
மின்கம்பத்தை, தங்கள் தொப்பையை.
அதனால் நான் தலைமுதல் கால்வரை கறுப்பு.
கேமராவுக்கும் கறுப்புத் துணி.
முப்பந்தல் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு
ஆரல்வாய்மொழிப் பக்கம் ஓடும்,
பின்னால் அஜின் ஓடுவான்.

தொடங்கியது தக்கலையில்,
காவல் நிலையத்துக்குப் பின்னால்
நசுங்கிய வண்டிகளுக்கு நடுவே.
சர்வேயர் புஷ்பதாஸ் வண்டிக்கு எழுபத்தைந்து ரூபாய் தருவார்.
"பள்ளம் தெரியணும் பிள்ளே, பள்ளந்தான் காசு."
நாலரை மணிக்குப் போவேன்.
வெயில் பக்கவாட்டில் வந்து தகரத்தைத் தடவும்,
ஒவ்வொரு ஒடுக்கும் நிழலோடு எழுந்து நிற்கும்.
சாய்ந்த வெளிச்சத்தை மறைக்க முடியாது என்று அங்கே கற்றேன்.
மறைப்பது எப்படி என்று பிறகு சென்னையில்.
ஒருமுறை, பின்சீட்டில்
பிரிக்காத நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம்.
அதைத் தொடவில்லை.
லென்ஸை மட்டும் மாற்றினேன்.

இப்போது பள்ளமே இல்லாத வண்டிகள்.
காலை ஐந்து ஐம்பதிலிருந்து ஆறு பத்துவரை
இருபது நிமிடம்தான் என் தொழில்.
சூரியன் கணவாயில் ஏறுமுன்
கிழக்கு முழுக்க ஒரே வெள்ளை.
அது பானட்டில் மடிப்பில்லாமல் விரிய வேண்டும்.
அதற்குமுன் ஒரு லாரி வெள்ளம் கொட்டி
ரோட்டைக் கறுப்பாக்குவோம்.
காற்றாலை இறகு கதவில் வெட்டினால்
காரை ஒரு சாண் தள்ளுவோம்.
மறுபடி வெட்டினால் இன்னொரு சாண்.
காற்றாலையை யார் தள்ளுவது?

வேகம் பற்றியும் கேட்பார்கள்.
குலசேகரம் ரப்பர் காட்டுக்குள்
முப்பத்திரண்டில் போனால் போதும்,
ஓரத்து மரங்கள் அறைந்து அறைந்து ஓடி
நூற்றிருபது என்று நம்பவைக்கும்.
மணவாளக்குறிச்சிக் கடலோரம்
நிஜமான நூறில் போனாலும்
வண்டி வெயில் காய்வதுபோல் இருக்கும்.
கடல் எதையும் ஒத்துக்கொள்வதில்லை.
ஓட்டுபவன் முட்டம் வியான்னி,
முன்பு ஐஸ் லாரி.
"மீட்டர் பாக்கண்டாம்க்கா.
முப்பத்திரெண்டா, முப்பத்திநாலா, சொல்லு."
பாதத்தில் எண் வைத்திருக்கிறான்.

எனக்கு ஓட்டத் தெரியாது.
இதையும் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.
கோணத்தில் மூன்று முறை எட்டு போட்டேன்.
முதல் தடவை கல்.
மூன்றாவது தடவை கிளட்ச்.
இரண்டாவது தடவைதான் வெட்கம்:
எட்டின் இடுப்பில், தைலமரத்து நிழல்
பானட்டின் நடுக்கோட்டில் நூல் பிடித்தமாதிரி வந்து விழ
நிறுத்திவிட்டேன்.
இன்ஸ்பெக்டர் விண்ணப்பத்தைத் திருப்பிப் பார்த்தார்.
தொழில்: ஒளிப்பதிவு (கார்கள்).
சத்தமாக வாசித்தார்,
வரிசையில் நின்ற எல்லோருக்குமாக.

செவ்வாய்க்கிழமை நாலாவது.
நேற்றிரவு முட்டம் கோயில் மைதானத்தில்
வியான்னி செங்கல் அடுக்கி எட்டு வரைந்தான்.
கியர் எனக்குத் தெரியட்டும் என்று
உள் விளக்கைப் போட்டான்.
போட்டதும், முன்கண்ணாடி முழுக்க நான்.
பன்னிரண்டு வருடமாக ஒரு காரிலும் விழாத முகம்,
வாய் திறந்து, நெற்றியில் எண்ணெய் மினுக்கு,
அதற்கு அந்தப்பக்கம் எங்கோ செங்கல்லும் இருட்டும்.
"விளக்கை அணை வியான்னி, நான் விழுறேன்."
"நீ விழல்லக்கா, கல்லுதான் விழுந்துது.
பிரேக்கைச் சவிட்டு."