தொண்ணூற்றைந்து

ஒருகொடவத்தையில் ஒரு களஞ்சியத்துக்குத் தரை.
இன்னும் தரை இல்லை,
அவிசாவளைப் பக்கமிருந்து வந்த சிவப்புக் கிறவல் இருக்கிறது.
அதன் மேல் சுனிமலின் ரோலர்
நித்திரை வராத ஆளைப்போல
போய்ப் போய் வருகிறது.

என் வேலை ஓட்டை போடுவது.
தட்டத்தின் நடுவட்டத்தில் உளி வைத்துத்
தோண்டிய மண்ணை
ஒரு பருக்கை சிந்தாமல் பையில் கட்டி நிறுப்பேன்.
பிறகு குழிக்குள் உலர்ந்த மணலை விடுவேன்.
உஸ்ஸென்று இறங்கும். நிற்கும்.
எவ்வளவு மணல் குடித்ததோ அவ்வளவு குழி.

ஈரம் பார்க்க
கேஸ் அடுப்பில் தாச்சி வைத்து மண்ணை வறுக்கவேண்டும்.
"அக்கா, உப்புக் காணுமா?"
தனக்குத் தெரிந்த தமிழில் சுனிமல்
நாளும் இதையே கேட்கிறான்.
நாளும் சிரித்துத் தொலைக்கிறேன்.

முதற்குழி தொண்ணூற்றாறு.
அடுத்தது தொண்ணூற்றைந்தும் சொச்சமும்.
கால்வாய்ப் பக்க மூலை
எண்பத்தேழு.

நஸ்மி ஹாஜியார் வானத்தைப் பார்க்கிறார்,
பிறகு என் பேனையை.
வெசாக்குக்கு மூன்று நாள்,
அதற்குப் பிறகு ஆட்கள் வரமாட்டார்கள்.
நாளை இரவு பத்துக்கு மிக்சர் லொறிகள்,
பதினெட்டு, முற்பணம் கட்டியாயிற்று.
"மேல ஆறு இஞ்சி கொங்கிரீட், மகள்,
கம்பி வலையும் இருக்கு.
கீழ கிடக்கிறத ஆரு பார்க்கப்போற?"

ஃபோர்க்லிஃப்ட் பார்க்கும் என்றேன்.
மூன்றாம் வருஷம்
பால்மாப் பெட்டிகளோடு அந்த மூலையில் திரும்பும்போது
மயிரளவு கோடு ஒன்று விழும்.
பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும்
டக், டக்.

அவர் மறுமொழி சொல்லவில்லை.
பெக்கோவைக் கூப்பிட்டார்.

கிறவல் ஓரடி.
அதன் கீழ், சதுப்பை மூட
எப்போதோ கொட்டிய கொழும்பு:
தயிர்ச்சட்டி ஓடு, ஷம்பு பைக்கற்று,
ஒற்றைச் செருப்பு,
கறுப்புத் தண்ணீரில் சுருண்ட கசற் நாடா.
இன்னும் கீழே வாளியின் பல் கிறீச்சிட்டது.

தரை.

சிவப்புப் பொலிஷ் போட்ட சீமெந்துத் தரை,
இரண்டு பாய் அகலம், சாய்ந்து கிடந்தது.
ஓரத்தில், ஈரமாய் இருக்கையில்
ஆணியால் கீறிய ஆண்டு:
ஒன்று, ஒன்பது, எட்டு.
அதற்குமேல் உடைந்திருந்தது.

பெக்கோக்காரர் எஞ்சினை நிற்பாட்டினார்.
நான் குனிந்து அடிப்பக்கத்தைத் தடவினேன்,
தொழிற்புத்தி.
கல் அடுக்கவில்லை. பொலித்தீன் விரிக்கவில்லை.
சேற்றின் மேல் ஒரு பிடி மணல்,
நேரே சீமெந்து.
ஆனால் மட்டம் பிடித்திருக்கிறார்கள்.
கழுவிய தண்ணீர் வாசலுக்கு ஓட
விரல்கனச் சரிவு.
யாரோ முழந்தாளில் பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து
கரண்டியால் தேய்த்திருக்க வேண்டும்.
என் கணக்கில் அந்த நிலம் எத்தனை வாங்கியிருக்கும்?
அறுபது?
அறுபதின் மேல் சோறு ஆக்கி,
பிள்ளை தவழவிட்டு...

"வாழைத்தோட்டத்து வீட்டிலயும் எங்களுக்கு
இந்தச் சிவப்புத்தான்" என்றார் ஹாஜியார்,
யாருக்கென்று இல்லாமல்.
பிறகு போனை எடுத்தார்:
"லொறிய நாளண்டைக்கு மாத்து.
ஓ, தெரியும். காசு போகட்டும்."

இரண்டு மணி மழை சொன்னபடி வந்தது.
பம்ப் வைத்து இறைத்தோம்.
குப்பை டிப்பரில் போயிற்று.
சிவப்புத் தரையை
சம்மட்டியால் உடைக்கச் சொன்னதும் நான்தான்.
உடைந்தால் அது நல்ல கல்.
அடியில் பரப்பி, சல்லி கொட்டி,
ஒன்பது ஒன்பது இஞ்சியாய்க் கிறவல்,
ஒவ்வொரு படைக்கும் எட்டு ஓட்டம்.
படிவத்தில் "நிரப்பிய பொருள்" என்ற இடத்தில்
கருங்கல் என்று எழுதினேன்.

அடுத்த நாள் அதே மூலை.
உளி, பை, மணல், தாச்சி.
தொண்ணூற்றைந்து புள்ளி நாலு.
கையெழுத்து வைத்தேன்.
கறையான் மருந்து அடிக்கிறவர்
பின்னால் காத்துக்கொண்டு நின்றார்.

தோண்டிய குழியை
நானே மண் போட்டு
என் சப்பாத்துக் குதியால் இறுக்கினேன்.
அது எத்தனை வாங்கும் என்று
சோதிக்க ஆளில்லை.