மணல் பெட்டி

தம்மாமில் வருஷத்துக்கு நாலைந்து நாள் மழை.
அந்த நாட்களில்
ஹைப்பர்மார்க்கெட்டின் பின்புறக் கார் நிறுத்தத்தில்
தண்ணீர் ஒரே மாதிரி தேங்கும்:
நாலடி அகலம், எழுபதடி நீளம்,
ஓரங்கள் கத்தரித்தாற்போல் நேராக.

குட்டைக்கு ஏது மூலை?

அடியில் இருப்பது மூன்றாம் நம்பர் பிட்.
இடிபாட்டைக் கொட்டி மேலே தார் போட்டார்கள்,
இறுக்கி இடிக்க நேரமில்லை போல.
வருஷத்துக்கு ஒரு நூல் இறங்குகிறது.
அளந்திருக்கிறேன்.

ஈரோடு டீசல் ஷெட்டில் ஆறு வருஷம்,
இங்கே பதினொன்று.
இன்ஜின் மேலே நிற்கும், நான் கீழே நிற்பேன்.
அதன் வயிற்றை அண்ணாந்து பார்த்தே
கழுத்து கொஞ்சம் இடப்பக்கம் கோணிவிட்டது.
இப்போது மீன் விற்கும் இடத்தில்தான்
ரேடியேட்டர் கழுவினோம்.
அந்தத் தரையில் இன்றைக்கும் ஈரம்.
ரொட்டி அடுக்கியிருக்கும் இடம் டீசல் நிரப்பும் மேடை.
ரொட்டியை முகர்ந்துவிட்டுத்தான் எடுப்பேன்.

ஊரில் சொன்னபோது சிரித்தார்கள்,
பாலைவனத்தில் மணலுக்குத் தட்டுப்பாடு என்று.
எல்லா இன்ஜினுக்கும் ஒரு மணல் பெட்டி உண்டு.
சக்கரம் வழுக்கினால்
தண்டவாளத்தில் கொஞ்சம் தூவிக்கொண்டு ஏறும்.
கடற்கரை மணல் அதற்கு ஆகாது, உப்பு.
குன்று மணலும் ஆகாது,
காற்று உருட்டி உருட்டிக் கடுகாக்கி வைத்திருக்கும்.
முனை முறியாத மணல் வேண்டும்.
அது லாரியில் வந்தது, தூரத்திலிருந்து.

அதை வறுப்பவன் ஈசா, ஹுஃபூஃப்காரன்.
தகட்டில் கிளறி, சலித்து,
ஒரு பிடியைக் காதருகே குலுக்குவான்.
பேசினால் காய்ந்தது,
முனகினால் இன்னும் அரைமணி.
அந்தச் சூட்டிலேயே கெட்டிலைப் புதைத்துத் தேநீர் போடுவான்.
பல்லில் நறநறக்கும்.
யாரும் குறை சொன்னதில்லை.

ஒரு ராத்திரி சவரிராயனுக்குத் தந்தி வந்தது.
அழுதானா சிரித்தானா தெரியவில்லை,
பிட்டுக்குள் இறங்கி
கிரீஸ் விரலால் இன்ஜினின் அடிவயிற்றில் எழுதினான்:
பெண். மூன்று கிலோ.
அந்த இன்ஜின் ரியாத் போயிற்று, வந்தது, போயிற்று.
மாதக் கழுவலில்
அந்த ஒரு முழ இடத்தை மட்டும் நான் விட்டுவிடுவேன்.
ஃபோர்மன் கரம்தாத் டார்ச் அடித்துப் பார்த்தார்,
அவருக்குத் தமிழ் தெரியாது,
ஏதோ அளவு என்று நினைத்து
சரி என்று கையெழுத்துப் போட்டார்.

யார்டு எப்போது போயிற்று என்று கேட்டால்
தேதி சொல்லத் தெரியாது.
முதலில் விளக்குகள்.
பிறகு தண்டவாளத்தைத் துண்டு போட்டு எடை பார்த்தார்கள்.
ஈசா சல்லடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தான்,
வெயில் அவன் முகத்தில் கட்டம் கட்டமாய் விழுந்தது.
எனக்கு உறைந்த கோழி ஏற்றும் வண்டியின் சாவி கிடைத்தது.
அதே கேட், அதே வளைவு.
அன்றும் இன்றும்
உள்ளே நுழையும்போது வேகம் பதினைந்துதான்.

இன்று மழை.
சரக்கை இறக்கிவிட்டுக் குட்டையின் கரையில் நின்றேன்.
வானவில் நிறத்தில் ஒரு எண்ணெய்ப் படலம்
அடியிலிருந்து மெல்ல எழுந்து வந்தது.
கார்களில் ஒழுகியதாகவும் இருக்கலாம்.

அப்போது சரிவில் தில்பகதூர்,
நாற்பது ட்ராலிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி
ஒற்றை ஆளாய்த் தள்ளிக்கொண்டு.
பாதி ஏற்றத்தில் ரேக் நின்றுவிட்டது.
சக்கரத்தில் கோளாறில்லை.
இங்கே இன்ஜின் அவன் கால்கள்,
ரப்பர் தேய்ந்த செருப்பு
இருந்த இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

வாசலோரம் சிகரெட் அணைக்கும் தொட்டி.
துண்டுகளை விலக்கி ஒரு பிடி அள்ளினேன்.
பழக்கம், கை தானாகக் காதுக்குப் போயிற்று.
முனகியது.
பரவாயில்லை.
அவன் குதிகாலுக்கு முன்னால் வீசினேன்,
இடமும் வலமும்.

என்ன பாய், என்று திரும்பினான்.
தள்ளு, என்றேன்.