பல்லில்லாத போத்தல்

முதல் வரைவில் போத்தலுக்குப் பல் வைத்திருந்தேன்.
கண்ணும், சிவப்பாய்.
இரண்டு நிமிட அனிமேஷன்,
ஆஸ்பத்திரி வாங்கில் நம்பர் கூப்பிடும்வரை
குந்தியிருப்பவர்களுக்கு.

பார்த்துச் சொல்ல பிலேந்திரன் வந்தார்,
பாலையூற்றிலிருந்து சைக்கிளில்.
பதினாலு மாதமாய்க் கசிப்பைத் தொடாதவர்
என்று கிளினிக்கில் சொன்னார்கள்.
"பதினாலில்லை, ஒன்பது.
இடையில ஒருக்கா விழுந்தனான்"
என்றபடி செருப்பைக் கழற்றினார்.

பார்த்தார். சிரித்தார்.
"இப்பிடிப் பல்லோட வந்திருந்தா
நான் ஓடியிருப்பனே தம்பி.
அது வந்து கதவைச் சாத்திவிட்டது, அவ்வளவுதான்.
வெளியில சத்தம்.
உள்ளுக்குக் கொஞ்சம் நித்திரை."

என்ன சத்தம் என்று நான் கேட்கவில்லை.
சன்னலுக்கு வெளியே உட்துறைமுகம்
எண்ணெய் பூசின தகரமாய்க் கிடந்தது.

அன்றிரவு பல்லை அழித்தேன்.
ஒரு கதவு வரைந்தேன்.
சாத்துகிற கை யாருடையது என்று தெரியாமல்
மணிக்கட்டோடு நிறுத்தினேன்.

நடுக்கம்தான் சரிவரவில்லை.
மென்பொருளில் ஒரு சொல் போட்டால் போதும்,
எதுவும் கண்டபடி நடுங்கும்.
அடுத்த கிழமை வந்தவர் தலையை ஆட்டினார்.
"என்ரை நடுக்கத்துக்கு நேரம் காலம் இருக்கு."
மேசையில் கையை வைத்தார்.
மூன்று சின்னத் துடிப்பு, ஒரு இடைவெளி,
பிறகு நீளமாய் ஒன்று.
நான் எண்ணி எழுதினேன்,
அவர் ஜாதகம் எழுதுகிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பஸ் ஸ்டாண்டடியில் ஒருநாள் கல்யாண வெடி.
வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்த மான்
ஓடவில்லை.
கால் நான்கும் தரையில் அறைந்ததுபோல்.
காது மட்டும் திரும்பியது.
மாப்பிள்ளையின் கார் போய்,
புகை போய்,
கச்சான் விற்கிறவர் மறுபடி கூவத் தொடங்கியும்
வாயில் தோல் அப்படியே இருந்தது.
போனில் எடுத்தேன்.
படத்து மனிதனின் தோளுக்கு
அந்தக் கழுத்தைக் கொடுத்தேன்.

கடைசிக் காட்சி:
கை போத்தலை நோக்கிப் போகிறது,
கிட்டத்தில் நிற்கிறது.
பன்னிரண்டு பிரேம். அரைச் செக்கன்.
பிறகு திரும்புகிறது.

பிலேந்திரன் மூன்று தரம் போடச் சொன்னார்.
"நிக்கிற இடத்தை
இன்னும் கொஞ்சம் நீட்டேலுமோ?"

எவ்வளவு என்றேன்.

"தெரியேல்லை.
பத்து மாசமா நான்
அதுக்குள்ளதான் குடியிருக்கிறன்."

சுட்டியைப் பிடித்து இழுத்தேன்.
போதும் என்று அவர் சொல்லவில்லை.
படம் இரண்டு நிமிடத்தைத் தாண்டிப் போனது.
கிளினிக்கில் கேட்டால்
ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.