பொன் கிடைத்தாலும்

இங்கிலீஷில் அவன் பெயருக்கு இரண்டு கே வேண்டும்.
தாளில் மிச்சம் ஒன்றுதான்.
ஆர் ஒன்றின் தலை வளைவை பிளேடால் கீறித் திறந்து
கே ஆக்கினேன்.
யாங்கோனில், முப்பத்தெட்டாம் தெருவில், என் பிரஸ் கடையில்
கரண்ட் வரும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்
கானா நாட்டு குவெக்கு எசில்ஃபி. நடுக்களம், ஆறாம் நம்பர்.
எண்ணெய்க் கம்பெனி கிளப்போடு ஏழு மாத ஒப்பந்தம்.

ஒட்டுவது மட்டுமல்ல, உரிப்பதும் என் வேலைதான்.
போன சீசன் பிரேசில்காரனை
அதே சட்டையிலிருந்து அன்று காலைதான் உரித்திருந்தேன்.
பசை நிழல்போல் கிடந்தது.
விரலால் தடவிப் பார்த்து
"பழக்கம்தான்" என்றான்.

தக்கோராடித் துறைமுகத்துக்குப் பின்னால் சரளை மைதானம்.
ஒரு ஜோடி பூட்ஸ், இரண்டு பிள்ளைகளுக்கு.
வலது இவனுக்கு வந்ததாம்.
இடது கால் இன்றைக்கும் வெறும் ஊன்றுகோல்.

ஓம்டுர்மானில் ஏஜென்ட்
பதினான்கு மாதம் பாஸ்போர்ட்டைத் தரவில்லை.
அல்பேனியாவில் பனி. கோடெல்லாம் மூடிப்போய்,
நடுவட்டம் எங்கே என்று ரெஃப்ரியிடம் கேட்டிருக்கிறான்.
"நீ நிற்கிற இடம்" என்றாராம் அவர்.
இதைச் சொல்லிவிட்டு நெடுநேரம் சிரித்தான்.
சிட்டகாங் அவனைக் காக்கு என்றது,
வங்காளத்தில் சித்தப்பா. அப்போது வயது இருபத்தாறு.
மாலேயில் கடலில் விழும் பந்தை எடுத்து வர
ஒரு தோணிக்காரனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள்.
"என்னுடையதைவிட அவன் சம்பளம் ஒழுங்காக வந்தது."

நடுவில் சில ஊர்களைத் தாண்டினான்.
நான் கேட்கவில்லை.
பாஸ்போர்ட்டில் இருபத்தொன்பது.
ஸ்டூலிலிருந்து எழுந்தபோது முழங்கால் வேறு கணக்குச் சொன்னது.

"எத்தனை கோல்?" கடைப் பையன் துன் லின் கேட்டான்.
விரல் விட்டு எண்ணினான். பதினொன்று,
பதினாறு வருஷத்தில்.
"கோல் போட்டவன் படம் பேப்பரில் வரும்.
அவனுக்குப் பந்து கொடுத்தவன் பேராவது வரும்.
கொடுத்தவனுக்குக் கொடுத்தவன் நான்."

குவெக்கு என்றால் புதன்கிழமை பிறந்தவன்.
துன் லின் துள்ளினான்: பர்மாவில் புதன் இரண்டு!
காலையில் பிறந்தால் தந்தமுள்ள யானை, தெற்கு மூலை.
மத்தியானம் தாண்டினால் ராகு,
தந்தமில்லாத யானை, வடமேற்கு.
பகோடாவில் எந்த மூலைக்கு நீர் ஊற்றுவது என்று தெரியாதவன்
இந்த ஊரில் எப்படி ஜெயிப்பது?

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது
என்று எங்கள் பழமொழியை எடுத்துவிட்டேன்.
கொஞ்சம் யோசித்தான்.
"எங்கள் கடற்கரைக்கே பொன் என்றுதான் பேர் வைத்தார்கள்.
புதனைக் கேட்டு எந்தக் கப்பலும் வரவில்லை."

ஜூலை. மழை. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி.
பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.
கடையிலிருந்துதான் அக்காவுக்கு போன் போட்டான்.
அவள் கத்தியது எனக்கே கேட்டது.
பிறகு அவன் சொன்னான்:
அம்மா அடுப்படியில் மீன் புகைபோட்டுக்கொண்டிருந்தாள்,
துறைமுகத்தில் பன்னிரண்டு மணிச் சங்கு.
நீ வெளியே வரும்போது அது தொடங்கியதா முடிந்ததா
என்று யார் பார்த்தது, முட்டாளே?

மழை விட்ட ஒரு நண்பகலில் ஷ்வேடகோன் போனோம்.
தெற்கு மூலையில் ஐந்து கோப்பை ஊற்றினான்.
பிறகு சுடும் பளிங்கில், வெறுங்காலோடு,
வடமேற்குக்கு ஓட்டம்.
ஒரு குடைக்குத் தோள் சாய்த்து,
ரோஜா நிறப் பிக்குணிகளுக்கு ஒதுங்கி,
குனியாமல், இடைவெளி எங்கே என்று
முன்னால் பார்த்துக்கொண்டே.
அந்த சீசன் முழுக்க
அவன் ஓடி நான் பார்த்தது அது ஒன்றுதான்.

ஆகஸ்டில் லாவோஸ் என்றான்.
இந்த ஏஜென்ட் நல்லவனாம்.

சட்டை என்னிடமே திரும்பி வந்தது.
சூடு காட்டி உரித்தேன், எல்லாம் வந்தது.
நான் வெட்டிச் செய்த கே மட்டும் பாதியில் பிய்ந்து
அதன் வலது கால் துணியிலேயே நின்றுவிட்டது.
கம்பெனியிலிருந்து இரண்டு முறை போன்.
அதன்மேலேயே ஒட்டிக் கொடுத்தேன்
ஒரு செர்பியாக்காரனின் பெயரை.