தேய்மானம் போக

"எதையும் கழுவிடாதீங்க மேடம்,
சர்வேயர் வந்து பார்க்கிற வரைக்கும்"
என்றது போனில் ஒரு பெண் குரல்.
எந்த ஊரில் இருந்தாளோ, காலில் ஈரம் இராது.
எனக்கு முழங்கால் வரை தென்பெண்ணை.

வீட்டுக்கடன் வாங்கிய அன்று
முப்பது இடத்தில் கையெழுத்து.
அதில் ஒன்று காப்பீடாம்.
நான்கு வருடம் கழித்து
ஊறிப்போன ஃபைலைப் பிரிக்கும்போதுதான் தெரிந்தது.
பிரிக்கவா முடிந்தது?
தோசை திருப்புகிற மாதிரி
ஏடு ஏடாய்க் கரண்டியால் எடுத்தோம்.
முனிரத்தினம் அதைத் தன் கூழ் ஆலைக்குக் கொண்டுபோய்
பாய்லர் அறையில் உலர்த்தினார்.
மாங்காய் முடிந்து கொய்யா ஓடிக்கொண்டிருந்த நேரம்.
பாலிசி எண் கிடைத்தது, கொய்யா வாசத்தோடு.

பத்து நாள்
சேற்றுக்குக் காவல் இருந்தேன்.
துடைப்பத்தைப் பார்த்தாலே கை அரிக்கும்.
மெத்தையை வெளியே எடுக்க நான்கு பேர்;
"உள்ள யாரு படுத்திருக்காங்க?" என்றான்
எதிர்வீட்டு ஜமீல்.
உப்பிய வாசற்கதவு சாத்தவில்லை,
உப்பிய பீரோ திறக்கவில்லை.
கதவுக்குக் கயிறு கட்டிவிட்டு
ஜமீல் வீட்டு மாடியில் தூங்கினோம்.
திருடன் வந்தாலும்
போட்டோ எடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

பதினோராம் நாள் வந்தார்,
ஷூவுக்கு மேல் பாலித்தீன் பை கட்டிக்கொண்டு, திருஞானம்.
சுவரில் நீர் நின்ற கோட்டுக்கு டேப் வைத்தார்.
நான்கு அடி இரண்டு அங்குலம்.
"தண்ணி எந்த வழியா வந்துச்சு?"
வாசல் வழியாத்தான் சார், எல்லாரையும் போல.
சிரிக்கவில்லை.
"கசிவா, வெள்ளமா? கசிவுன்னா கிடையாது."

முதலில் குளியலறைச் சாக்கடைத் துளையில்
குடுகுடுவென்று கொப்பளித்ததை
நான் மட்டும்தான் பார்த்தேன்.
வாசலைத் தட்டியது அரைமணி கழித்து.
முனிரத்தினம் என் காலை மிதித்தார்.
"வெள்ளம்" என்றேன்.
பொய்யில்லை. முழுதுமில்லை.

ஃபிரிட்ஜுக்கு பில் இருக்கா?
அதுவும் ஃபிரிட்ஜ் மேலேதான் இருந்தது சார்.
எப்ப வாங்கினது?
பெரியவள் பெரியவளான வருடம்.
பேனா ஒரு கணம் நின்றது; 2016 என்று எழுதியது.
கிரைண்டருக்கு?
அம்மா வீட்டுச் சீருக்கு ஏது பில்?
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.

சமையலறைக் காலண்டரில் பால் கணக்கு.
பதினாறுக்குக் கீழே எல்லாம் கரைந்து நீலம்.
பால்காரர் ஆதிமூலத்திடம்
இருபத்தாறு நாள் என்று பணம் கொடுத்தேன்.
விரல் மடக்கினார், உதடு அசைந்தது.
"இருபத்தி நாலுதாம்மா. ரெண்டு நாள் வண்டி வரல"
என்று மீதியைத் திண்ணமாய் எண்ணிக் கையில் வைத்தார்.
அவரிடமும் பில் இல்லை.

கேட்டது இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம்.
தை கடைசியில் வந்தது
ஐம்பத்தெட்டாயிரத்து முந்நூற்று இருபது.
அதற்கு ஒரு வாரம் முன்பே வந்துவிட்டது
பிரீமியம் கட்டச் சொல்லி குறுஞ்செய்தி.
கடிதத்தில் கட்டம் கட்டமாய்த் தேய்மானம்:
சுவருக்குப் பத்து, கட்டிலுக்கு ஐம்பது.
அதில் படுத்தவர்களுக்குப்
போடவில்லை.

கொத்தனார் மாதையன்
தேங்காய் தட்டுவது போலச் சுவரைத் தட்டிக் காது வைத்தார்.
"உள்ள இன்னும் தண்ணி இருக்கு.
பங்குனி வரை பூச்சு பூசாதே."
காத்திருந்தோம். சுவரில் உப்புப் பூத்தது,
உதிர்ந்தது, மறுபடி பூத்தது.

பங்குனி போய்ச் சித்திரையில்
பெயிண்ட் அடிக்க வந்த பையன் கேட்டான்,
ஃபிரிட்ஜை நகர்த்தவா என்று.
நகர்த்தினான்.
அதன் முதுகுப்புறச் சுவரில்
விரல் அகலத்தில் பழுப்புக் கோடு.
"அதை மட்டும் விட்டுடு தம்பி."
எதுக்குக்கா?
அடுத்து வருகிறவர் டேப் வைக்க.

சிரித்துக்கொண்டே
கோட்டின் இரு முனையிலும் பிரஷை நிறுத்தினான்.
மேகம் கட்டியிருந்தது.
காயும்வரை வெளியே போய் நின்றோம்.